நாள் தள்ளினால்... பொறுப்பைத் தள்ளாதீர்கள்!

கருக்கலைப்பு பாவமா, உரிமையா? காலம் காலமாக நடக்கிற வாதம் இது. அந்தச் சத்தத்தில் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது!

புளியந்தோப்பு நெடுஞ்சாலை. காலை பத்தரை மணி.

ஒரு காலத்தில் பின்னி மில் சங்கு ஊதினால் விழித்துக்கொண்ட பேட்டை. இப்போது சங்கு இல்லை. பஸ், ஆட்டோ, மீன்பாடி வண்டி என்று சாலை நிரம்பி வழிகிறது. மூலையில் ஒரு மெடிக்கல் ஷாப். புடவைத் தலைப்பால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண் ஓரமாக நிற்கிறாள். இருமல் மருந்து வாங்க வந்தவர் போகட்டும் என்று காத்திருக்கிறாள். அவர் நகர்ந்ததும்...

"அண்ணே... அந்த மாத்திரை இருக்குங்களா?"

"எந்த மாத்திரைம்மா?"

"அதான்ண்ணே... நாள் தள்ளிப் போச்சு..."

கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். "எத்தினி நாளாச்சு?"

அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சின்னவன் பிறந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. மாதவிலக்கு இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. ஒரு மாசமா, இரண்டு மாசமா?

"டாக்டர் சீட்டு இல்லாம குடுக்க மாட்டோம்மா. டாக்டராண்ட போய்ட்டு வா."

டாக்டரிடம் போகலாம். ஆனால் போனால் பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள். மாமியார் காதுக்குப் போகும். ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கிளார்க்காக இருக்கும் கணவரிடம் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டாள். அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்ன பதில்: "ஏன், நீ ஜாக்கிரதையா இருந்திருக்க வேண்டாமா?"

அவள் நாலு தெரு தள்ளி இன்னொரு கடைக்கு நடக்கிறாள். அங்கே சீட்டு கேட்கவில்லை. பழைய பேப்பரில் சுற்றி ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார்கள்.

இவள் யார் என்று தேட வேண்டாம். பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து நாம் வரைந்த சித்திரம் இது. புளியந்தோப்பில் மட்டும்தான் இப்படி என்றும் நினைத்துவிடாதீர்கள். அண்ணா நகரிலும் அடையாறிலும் இதே கதைதான். அங்கே கடைக்குக் காரில் போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்!

யாருடைய ஜாக்கிரதை?

"ஜாக்கிரதையா இருந்திருக்க வேண்டாமா?" இந்தக் கேள்வியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கருக்கலைப்பு பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும், கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். 'அவரவர் செய்ததற்கு அவரவர்தான் பொறுப்பு. கர்ப்பமான பிறகு கலைப்பது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது' என்கிறார்கள்.

பொறுப்பு நல்ல வார்த்தைதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் நாள் தள்ளிய பிறகு மட்டும் ஞாபகம் வருகிறது? ஏன் ஒருத்தியைப் பார்த்து மட்டும் கேட்கப்படுகிறது?

ஜாக்கிரதையாக இருந்தவர்களுக்கும் தவறலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணமாக மக்கள் பயன்படுத்துகிற விதத்தில் ஆணுறை பயன்படுத்தினால், ஒரு வருடத்தில் 100-க்கு 13 பேர் கர்ப்பமாகிறார்கள். தினமும் போடும் கருத்தடை மாத்திரையில் 100-க்கு 7 பேர். மறதி, தாமதம், வாந்தி என்று எத்தனையோ காரணம். காப்பர்-டி போட்டவர்களில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களிலேயே 1000-க்கு சுமார் 5 பேருக்குக் கரு தங்கிவிடுவதுண்டு! இவர்களையெல்லாம் 'பொறுப்பில்லாதவள்' என்று சொல்ல முடியுமா?

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு

'கரு என்பது உயிர்தானே?' என்று கேட்பவர்களை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. சிசுவைக் கருவில் அழிப்பதைப் பெரும் பாவங்களில் ஒன்றாகச் சொல்கின்றன நம் தர்ம சாஸ்திரங்கள். கரு உருவான நொடியிலிருந்தே அது மனித உயிர் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. 120 நாளில் கருவுக்குள் உயிர் ஊதப்படுகிறது என்பது இஸ்லாமிய அறிஞர்கள் பலரின் கருத்து. அதற்கு முன்னால் கலைக்கலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே பல அபிப்பிராயங்கள் உண்டு. கோயிலும் சர்ச்சும் மசூதியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வடசென்னையில், இந்த மூன்று குரலும் ஒரே தெருவில் கேட்கும்.

மறுபக்கம்? அந்தக் கரு வளர்வது வெட்டவெளியில் அல்ல, ஒரு பெண்ணின் உடம்பில். அவளுக்கு ரத்தசோகை இருக்கலாம். ஏற்கெனவே இரண்டு சிசேரியன் ஆகியிருக்கலாம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவன் இருக்கலாம். இருக்கிற இரண்டு குழந்தைகளுக்கே ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாமல் இருக்கலாம். 'இப்போது என்னால் முடியாது' என்று அவள் சொல்வதும் ஒரு பொறுப்பிலிருந்து வருகிற வார்த்தைதான். இருக்கிற குழந்தைகள் மீதான பொறுப்பு!

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. 1935-ம் வருட டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் என்ற பெண்மணி வார்தாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தார். கருத்தடைச் சாதனங்களை உலகமெங்கும் எடுத்துச் சென்றவர் அவர். காந்தி ஒப்புக்கொள்ளவில்லை. தன்னடக்கம் ஒன்றே சரியான வழி என்றார். இங்கே தமிழ்நாட்டில் பெரியாரோ, 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மற்றவர்கள் நாட்டின் நலம், உடல்நலம் என்று காரணம் சொன்னபோது, பெண்ணின் சுதந்திரத்துக்காகவே அது வேண்டும் என்று வாதிட்டார். அவர்கள் பேசியது கரு தங்காமல் தடுப்பதைப் பற்றி. தங்கிய பிறகு என்ன செய்வது என்ற கேள்வியைப் பிற்பாடு சட்டம்தான் கையில் எடுத்தது.

சட்டம் ஏன் வந்தது?

நம் பாட்டிமார் காலத்தில் கருக்கலைப்பு சட்டப்படி குற்றம். அதனால் நடக்காமல் இருந்ததா? இல்லை. எருக்கங்குச்சி, கண்ட மூலிகைக் கஷாயம், கைமருத்துவச்சி என்று திருட்டுத்தனமாக நடந்தது. கர்ப்பப்பையில் ஓட்டை விழுந்து, சீழ் பிடித்து, ஜன்னி கண்டு செத்தவர்கள் ஏராளம். 'வயித்து வலியில போயிட்டா' என்று ஊருக்குச் சொல்லிவிடுவார்கள்.

இதையெல்லாம் ஆராய 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1966-ல் அறிக்கை வந்தது. 1971-ல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. பெண் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அதன் முக்கிய நோக்கம்.

அந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம். கருத்தடைச் சாதனம் தவறியதால் கர்ப்பமானால், அந்த வேதனையே கலைப்புக்குப் போதுமான காரணம் என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டது. ஆனால் 'திருமணமான பெண் அல்லது அவள் கணவர்' என்று எழுதியிருந்தார்கள். 2021-ல் சட்டத்தைத் திருத்தியபோது அது 'பெண் அல்லது அவளுடைய துணைவர்' என்று மாறியது.

இன்றைய நிலைமை இதுதான்:

* 20 வாரம் வரை - தகுதி பெற்ற ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும்.
* 20 முதல் 24 வாரம் வரை - இரண்டு டாக்டர்களின் ஒப்புதல் வேண்டும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், உடல் ஊனம் அல்லது மனநோய் உள்ளவர்கள் போன்ற சில பிரிவினருக்கு மட்டும்.
* 24 வாரத்துக்குப் பிறகு - சிசுவுக்குக் கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால்தான். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகத் தேவை என்றால் இந்தக் கெடு குறுக்கே நிற்காது.

கவனியுங்கள்: 'கேட்டதும் கிடைக்கும்' என்று சட்டம் சொல்லவில்லை. காரணம் வேண்டும், டாக்டர் ஒப்ப வேண்டும். அதே சமயம், கணவர் கையெழுத்து வேண்டும் என்றும் அது சொல்லவில்லை!

இரண்டு பெண்கள், இரண்டு தீர்ப்புகள்

சட்டம் காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. வாழ்க்கையில் அப்படியா?

2022 ஜூலை. மணிப்பூரைச் சேர்ந்த 25 வயதுப் பெண், டெல்லியில் வசிப்பவர், நீதிமன்றத்துக்கு வந்தார். விவசாயக் குடும்பம். கூடப்பிறந்தவர்களில் இவர்தான் மூத்தவர். விரும்பிப் பழகியவர் கடைசி நேரத்தில் கல்யாணத்துக்கு மறுத்துவிட்டார். அப்போது கர்ப்பம் 22 வாரத்தைத் தாண்டியிருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதி தரவில்லை. கல்யாணமாகாமல், சம்மதத்தோடு பழகிக் கர்ப்பமானவர்கள் அந்த 24 வாரப் பட்டியலில் வரவில்லை என்பது காரணம். பெண் உச்ச நீதிமன்றம் போனார். ஜூலை 21-ம் தேதி, மருத்துவக் குழு பார்த்து உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னால் கலைக்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. செப்டம்பர் 29-ம் தேதி நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா மூவரும் விரிவான தீர்ப்பைத் தந்தார்கள். கல்யாணமானவள், ஆகாதவள் என்று சட்டம் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றார்கள். கணவனே பலவந்தம் செய்து கர்ப்பமானாலும், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அது பலாத்காரம்தான் என்றும் சொன்னார்கள்.

இந்த வழக்கில் 'பொறுப்பு' எங்கே? பெண் கோர்ட் படியேறி அலைந்தாள். பழகியவரோ கதையிலிருந்தே காணாமல் போய்விட்டார்!

அடுத்தது 2023 அக்டோபர். 27 வயது. கல்யாணமானவர். இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனநோய் வந்து மருந்து சாப்பிட்டு வந்தார். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை. அதனால் மூன்றாவதாகக் கர்ப்பமானதே தெரியாமல் போய்விட்டது. தெரிந்து நீதிமன்றம் வந்தபோது 26 வாரத்தை எட்டியிருந்தது. அக்டோபர் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. உடனே ஒரு புதுச் சிக்கல். இந்த வளர்ச்சியில் சிசு உயிரோடு பிறக்க வாய்ப்பு உண்டு, இதயத் துடிப்பை நிறுத்தவா என்று எய்ம்ஸ் டாக்டர் கேட்டார். 11-ம் தேதி, அந்த வழக்கை விசாரித்த இரண்டு பெண் நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து பிரிந்தது. ஹிமா கோலி அனுமதிக்க மனம் வரவில்லை என்றார். நாகரத்னா, அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். கடைசியில் 16-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது. 24 வாரம் தாண்டிவிட்டது, தாய்க்கு உடனடி உயிராபத்து இல்லை, சிசுவுக்குக் குறையும் இல்லை என்பது காரணம். பிரசவச் செலவு அரசுடையது, குழந்தையைத் தத்துக் கொடுப்பதா என்பது பெற்றோர் விருப்பம் என்றது.

யார் சரி? சட்டம் படித்த நீதிபதிகளே இரண்டாகப் பிரிந்த கேள்வி இது. நாமும் திண்ணையில் உட்கார்ந்து சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடாமல் இருப்பது நல்லது.

ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். இரண்டு வழக்கிலும் கேள்வியைக் கடுமையாக்கியது காலம். எட்டு வாரத்தில் ஒரு டாக்டரின் அறையில் முடிகிற விஷயம், இருபத்தாறு வாரத்தில் நாட்டின் உச்ச நீதிமன்றத்தையே திணற வைக்கிறது. ஆக, பொறுப்பின் முதல் பாடம்: சீக்கிரம் தெரிந்துகொள்வது!

வாரத்தை எண்ணத் தெரியுமா?

பலரும் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான். 'நாள் தள்ளி ரெண்டு வாரம்தானே, ரெண்டு வாரக் கர்ப்பம்' என்று நினைக்கிறார்கள். இல்லை! கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால், நாள் தள்ளி இரண்டு வாரம் என்றால் ஏற்கெனவே ஆறு வாரம்.

காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் தள்ளினாலே மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்கி, காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள்.

தாய்ப்பால் கொடுக்கும் பெண்களே... 'பால் குடுக்கிறேன், அதனால தங்காது' என்ற நம்பிக்கை மூன்று நிபந்தனைகள் சேர்ந்து இருந்தால்தான் பலிக்கும். குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும். இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்ப வராமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் வேறு கருத்தடை அவசியம். முதல் மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம். எனவே ஒருமுறைகூட 'தலை முழுகாமலே' மறுபடி கர்ப்பமாகலாம்!

பேப்பரில் சுற்றிய மாத்திரை

2015-ல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் 100-க்கு 73, ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரை சாப்பிட்டு நடந்தவை. நம் புளியந்தோப்புப் பெண் தனி ஆள் இல்லை என்பது புரிகிறதா?

கருக்கலைப்பு மாத்திரை விஷம் அல்ல. டாக்டர் பார்த்து, ஒன்பது வாரத்துக்குள் சரியான முறையில் கொடுத்தால் பாதுகாப்பானதுதான். ஆபத்து எங்கே வருகிறது? எத்தனை வாரம் என்று தெரியாமல், யார் கொடுத்தது, எத்தனை மாத்திரை என்று தெரியாமல் விழுங்கும்போது.

100 கர்ப்பங்களில் ஒன்றிரண்டு, கர்ப்பப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிடும். அதற்கு இந்த மாத்திரை வேலை செய்யாது. மாத்திரை போட்டாச்சு என்ற நிம்மதியில் இருக்கும்போது குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு இன்னும் எவ்வளவு இழக்க முடியும்? ரத்த வகை நெகட்டிவ் என்றால், அதற்கான ஊசி தேவையா என்பதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்படிக் கலைந்திருந்தாலும், கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தால் ராத்திரி ஒரு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்:

* ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் நனைகிற ரத்தப்போக்கு, தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால்
* மறுநாளும் விடாத காய்ச்சல், குளிர் நடுக்கம்
* துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்
* மயக்கம், கண் இருட்டுதல், ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வயிற்று வலி, தோள்பட்டை வலி

போனதும் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். 'கீழே விழுந்துட்டா' என்று அம்மா கதை சொல்வதும், டாக்டர் வேறு எதையோ தேடுவதும் உயிருக்கே உலையாகலாம். உங்கள் பெயரையும் விவரத்தையும் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே டாக்டரைக் கட்டிப்போட்டிருக்கிறது.

வடசென்னைக்காரர்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. 1880-லிருந்து இந்தப் பகுதியின் தாய்மார்களைப் பார்த்து வருகிற ஆஸ்பத்திரி. எழும்பூரில் தாய்-சேய் நல மருத்துவமனை இருக்கிறது. நாலு தெரு தள்ளிப் போகிற கால்கள், அங்கே போகட்டுமே!

ஆண்களே, ஒரு நிமிஷம்!

இந்தக் கட்டுரையை இதுவரை மனைவி படித்திருந்தால், இந்தப் பகுதியை மட்டும் அவர் கையில் கொடுங்கள்.

ஐயா, தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் என்றால் பெண்களுக்குத்தான் என்றாகிவிட்டது. மணமான பெண்களில் பாதிக்கு மேல் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள்? நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! 1950-களின் பிற்பகுதியிலேயே ஆண்களுக்கான வாசக்டமி முகாம்களில் முன்னணியில் நின்ற மாநிலம் இது என்றால் நம்ப முடிகிறதா? நெருக்கடி நிலை காலத்தில், 1976-77 ஒரே வருடத்தில், நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலும் ஆண்கள். பலருக்குக் கட்டாயப்படுத்திச் செய்தார்கள். அந்தப் பயம் ஆண்கள் மனதில் தங்கிவிட்டது. சுமை அப்படியே பெண்கள் பக்கம் சாய்ந்தது.

இப்போதிருக்கும் தழும்பில்லாத வாசக்டமி, வயிற்றைக் கிழிக்காமல், தையல் இல்லாமல் சில நிமிடங்களில் முடிகிறது. அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். ஆண்மை குறையாது. தாம்பத்திய சுகமும் குறையாது. ஒன்றே ஒன்று: மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பும் வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு மனசில்லையா? ஆணுறை இருக்கிறது. அதுவும் பிடிக்கவில்லையா? குறைந்தபட்சம், நாள் தள்ளிவிட்டது என்று அவள் சொல்லும்போது டி.வி.யை அணைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை!

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

கலைப்பதற்குக் கணவர் சம்மதிக்க வேண்டுமா?

18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், பெற்றோர் யாருடைய கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை. அதேபோல், அவள் வேண்டாம் என்றால் யாரும் கட்டாயப்படுத்திக் கலைக்கவும் முடியாது. அது கடுமையான குற்றம்.

18 வயதுக்குக் குறைந்த பெண் என்றால்?

பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டால் பெண்ணின் பெயரை அதில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. போலீசுக்குப் பயந்து நாள் கடத்தாதீர்கள்.

மூன்றாவதும் பெண்ணாக இருந்தால் கலைக்கலாமா?

கூடவே கூடாது. சிசு ஆணா பெண்ணா என்று பார்ப்பதே 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம். பார்த்துச் சொல்பவருக்கும் தண்டனை உண்டு. பெண் குழந்தை என்பதற்காகச் செய்வது பொறுப்பும் அல்ல, உரிமையும் அல்ல.

ஒருமுறை கலைத்தால் அப்புறம் குழந்தையே பிறக்காதாமே?

முறையாக, சுத்தமாகச் செய்தால் அந்தப் பயம் வேண்டாம். திருட்டுத்தனமாகச் செய்து சீழ் பிடித்தால்தான் கருக்குழாய் அடைபடும் ஆபத்து. இன்னொன்று: கலைத்த இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு தங்க வாய்ப்புண்டு. எனவே அன்றைக்கே கருத்தடை பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பப்பாளிக்காய், எள்ளு வெல்லம் சாப்பிட்டால் கலைந்துவிடுமா?

நம்பி உட்கார்ந்தால் வாரங்கள்தான் கரையும்!

எனக்குக் கலைக்க மனம் வரவில்லை. வளர்க்கவும் வழியில்லை. என்ன செய்வது?

உங்கள் மனசாட்சிக்கு மதிப்புக் கொடுங்கள். குழந்தையைப் பெற்று, மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. குப்பைத்தொட்டி வேண்டாம். 1992-லேயே தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் இது.

மறுபடியும் புளியந்தோப்பு...

அந்தப் பெண்ணை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்துவிட்டோமே! கையில் பேப்பர் பொட்டலத்தோடு நிற்கிறாள். கதையைக் கொஞ்சம் மாற்றி எழுதிப் பார்ப்போமா?

முந்தின நாள் ராத்திரி. "நாள் தள்ளிப் போச்சுங்க" என்கிறாள். அவர் டி.வி.யை அணைக்கிறார். ஒரு நிமிடம் பேச்சில்லை.

"எப்ப இருந்து?"

"சரியா தெரியல."

"சரி. நாளைக்கு நான் லீவு போடறேன். ரெண்டு பேருமா ஆர்.எஸ்.ஆர்.எம். போயிட்டு வரலாம். முதல்ல எத்தனை வாரம்னு தெரியட்டும். அப்புறம் நீ என்ன சொல்றியோ, அதைச் செய்யலாம்."

உள்ளேயிருந்து மாமியார், "என்னடா, காலையில எங்க கிளம்புறீங்க?" என்கிறார்.

"ஆஸ்பத்திரிக்கும்மா. சின்னவனைக் கொஞ்சம் பார்த்துக்கோ."

அவ்வளவுதான். அவர்கள் பெற்றுக்கொள்ள முடிவு செய்யலாம். கலைக்க முடிவு செய்யலாம். பாவமா, உரிமையா என்ற கேள்விக்கு அவரவர் மதமும் மனசாட்சியும் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலை அவள் யோசித்துச் சொல்ல நேரம் வேண்டும், நல்ல டாக்டர் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றையும் தராத வீட்டுக்கு, 'நீ ஜாக்கிரதையா இருந்திருக்க வேண்டாமா' என்று கேட்கிற தகுதி கிடையாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது நாள் தள்ளியிருக்கிறதா? இன்றைக்கே கேளுங்கள். அன்பாகக் கேளுங்கள்!